நாட்டியத்துக்கு வகுப்பறை தந்த ருக்மிணி தேவி

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று நாட்டிய வகுப்பைப் பற்றியதாக இருக்கும். மகளை மாலை வேளையில் பள்ளி மண்டபத்தில் பலரோடு சேர்ந்து கற்க விடுவதா, அல்லது ஓர் ஆசிரியரை அமர்த்தித் தனியாகக் கற்பிப்பதா என்பதே அக்கேள்வி. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே தம் பிள்ளையின் காலை ஆசிரியை கவனிப்பாரா என்பது ஒரு தாயின் கவலை. தனி ஆசிரியருக்கு மாதந்தோறும் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பது மற்றொரு தாயின் கவலை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போய், பொழுது சாய்ந்த பின்னர் வீடு திரும்பும் தாய்மார் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குப் பணமும் பெரிது, அரை மணி நேர ஓய்வும் பெரிது. விளையாட்டாக எண்ணி அவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

ஆகவே இவ்வாண்டு மலரில், இந்தக் கேள்வியின் இரு கரைகளையும் தம் வாழ்விலேயே கண்ட ஒரு பெருமாட்டியைப் பற்றி எழுத விரும்புகிறோம். தாம் தனியே கற்று, பிறருக்கு வகுப்பறையில் கற்பித்தவர் அவர். பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியம் பயிலும் எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் முப்பது வயதை நெருங்கும் வரை அவர் நம் நாட்டியத்தின் ஓர் அடவைக்கூட முறையாகக் கற்றதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் அவர் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பிறந்த நாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி அரசுப் பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாய் சேஷம்மாள் இசையில் நாட்டம் உடையவர். தந்தை பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வு பெற்றபின் குடும்பத்துடன் சென்னை அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்கு அருகே குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் வளரும் வாய்ப்பு ருக்மிணிக்குக் கிடைத்தது இவ்வாறுதான்.

1920-ஆம் ஆண்டில், பதினாறே வயதில், சபையின் கல்விப் பணிகளில் முன்னின்ற ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். அருண்டேலுக்கு அப்போது வயது நாற்பதைக் கடந்திருந்தது. வைதிகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரரை மணந்தாள் என்றால் அந்நாளைய சென்னை சும்மா இருக்குமா? எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஊரார் பேச்சைத் தாங்கிக் கொள்ளும் பயிற்சி அவருக்கு அந்த வயதிலேயே கிடைத்துவிட்டது எனலாம். பின்னாளில் அது பெரிதும் பயன்பட்டது.

கணவருடன் உலகின் பல நாடுகளுக்குச் சென்றார். 1920-களின் இறுதியில் அவர் வாழ்வைத் திருப்பிய சந்திப்பு ஒன்று நிகழ்ந்தது. புகழ்பெற்ற ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்து ஆடினார். அருண்டேல் தம்பதியர் அதைக் கண்டனர். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் பாவ்லோவாவும் அவர்களும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி பாலே நடனம் பயிலத் தொடங்கினார். அவரை அவருடைய சொந்த நாட்டுக் கலையின் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னவரும் பாவ்லோவாவே.

இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். பாலே நடனம் வீட்டில் தனியாகக் கற்றுக் கொள்ளும் கலையாக வளரவில்லை. பாரிஸில் 1713-ஆம் ஆண்டிலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738-ஆம் ஆண்டிலும் அரசர்களின் ஆதரவில் அதற்கெனப் பள்ளிகள் தோன்றிவிட்டன. பாவ்லோவா பத்து வயதில் அந்த ருஷ்யப் பள்ளியில் சேர்ந்தவர். சுவரை ஒட்டிய மரக்கட்டையைப் பிடித்துக் கொண்டு வரிசையாக நின்று பழகுவது அங்கே முதல் பாடம். உலகமே புகழும் நடனமணி ஆன பின்னும் காலையில் மற்றவர்களோடு வரிசையில் நின்று பழகத்தான் வேண்டும். ஒரு கலையைப் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பித்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது என்பதை ருக்மிணி கண்ணால் கண்டது அந்தக் குழுவிடம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்நாளில் நம் நாட்டியத்தின் நிலை என்ன? இன்று பரதநாட்டியம் என்று நாம் சொல்லும் கலை அப்போது சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கியது. கோயில்களிலும் செல்வர் வீட்டுத் திருமணங்களிலும் தேவதாசி மரபில் வந்த பெண்கள் ஆடினர். அவர்களுக்கு நட்டுவனார்கள் கற்பித்தனர். அந்தப் பெண்கள் அடைந்த துன்பங்களைக் கண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி வந்தார். முறை கெட்டது என்றால் ஆட்டமும் கெட்டது என்று ஊரார் முடிவு கட்டியிருந்தனர். கௌரவமான குடும்பத்துப் பெண் சலங்கை கட்டுவதா என்று கேட்ட காலம் அது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் போன்ற சிலரே கலையை அழியவிடக் கூடாது என்று வாதாடினர். தாமே பெண் வேடமிட்டு மேடையேறி ஆடியும் காட்டினார் அவர்.

1933-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதமியில் பந்தநல்லூர்க் கல்யாணியின் புதல்வியர் இருவர், ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும், சேர்ந்து ஆடினர். கிருஷ்ண ஐயரின் அழைப்பின் பேரில் ருக்மிணி அதைக் காணச் சென்றார். உலக மேடைகள் பலவற்றைப் பார்த்த கண்கள், தம் ஊரிலேயே இருந்த செல்வத்தை அன்றுதான் பார்த்தன. அந்தக் கலையைத் தாமே கற்க வேண்டும் என்ற உறுதி அவருக்குள் பிறந்தது.

முதலில் அவருக்குக் கற்பித்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த மரபில் வந்த நடனமணி. முகபாவத்திலும் அபிநயத்திலும் ஒப்பற்றவர். அடுத்து, சகோதரியர் இருவரையும் பயிற்றுவித்த ஆசிரியரையே ருக்மிணி நாடினார். அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1869-ஆம் ஆண்டில் பிறந்தவர். தஞ்சை நால்வர் என்று போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழியில் வந்தவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை இன்று நாம் ஆடும் வகையில் அமைத்தவர்கள் அந்த நால்வரே. அப்படிப்பட்ட வழியில் வந்த பெரியவர், தம் மரபுக்கு வெளியே உள்ள ஒரு பெண்ணுக்கு, அதுவும் முப்பது வயதுக்காரருக்குக் கற்பிக்க எளிதில் இணங்குவாரா? தயங்கினார். பின்னர் ஒப்புக் கொண்டார்.

அவரிடம் கற்பது என்றால் எப்படி? பந்தநல்லூர் தஞ்சை மண்ணில் ஒரு சிற்றூர். அங்கேயே சென்று தங்கிக் கற்றவர்கள் உண்டு. மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ், ராம் கோபால் போன்ற பெரும்பெயர் பெற்றவர்கள் எல்லாரும் அவருடைய மாணவர்களே. ஆசிரியர் தரையில் அமர்ந்து தட்டுக்கழியால் மரப்பலகையில் தாளம் தட்டுவார். எதிரே ஒரே ஒரு பிள்ளை அரைமண்டியில் நிற்கும். தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொன்றையும் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என மூன்று வேகத்திலும் செய்ய வேண்டும். முழங்கால் சற்று உயர்ந்தாலும் ஆசிரியரின் கண் கண்டுகொள்ளும். ஒளிந்து கொள்ள முன்னால் யாரும் இல்லை. களைத்தால் இளைப்பாறப் பக்கத்து வரிசையும் இல்லை. அந்தப் பிள்ளையின் உடல்வாகு எப்படி, எந்த அடவு அதற்குப் பொருந்தும், எந்தப் பதம் அதன் முகத்துக்கு ஏற்கும் என்பதை ஆசிரியர் மட்டும் அறிவார். அதற்கேற்ப ஜதிகளைக் கோப்பார். பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று பாணிகள் பிறந்ததும், ஒரே பாணிக்குள்ளும் ஒவ்வொரு நடனமணியும் ஒவ்வொரு விதமாக ஒளிர்ந்ததும் இத்தகைய தனிக் கவனத்தால்தான்.

ருக்மிணி தேவிக்குக் கிடைத்ததும் இந்தத் தனிக் கவனமே. குழந்தைப் பருவத்திலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் பழகுவோர் பெறும் பயிற்சியை அவர் சில ஆண்டுகளுக்குள் பெற முயன்றார். வளைந்து கொடுக்கும் வயதைத் தாண்டிய உடம்பை வளைத்தார். 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் அவர் முதன்முறையாகப் பலர் முன்னிலையில் ஆடினார். கூட்டம் திரண்டது. வசை பாடியவர்களும் இருந்தார்கள். வாயடைத்துப் போனவர்களும் இருந்தார்கள். சதிர் ஆடக் கூடாது என்று மகளைத் தடுத்த குடும்பங்கள், அந்த ஒரு நாளுக்குப் பிறகு மெல்ல மனம் மாறத் தொடங்கின.

ஒரு வாரம் சென்றது. 1936-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கலாக்ஷேத்ரா என்ற பெயரைப் பெற்று உலகப் புகழ் அடைந்த நிறுவனம் அதுதான். தொடக்கத்தில் கட்டடம் இல்லை. அடையாற்றுத் தோட்டத்து மரநிழலே வகுப்பறை. முதல் மாணவி ஒரே ஒருத்தி. அவர் ருக்மிணியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள் ராதா. வகுப்புக் கல்விக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற பள்ளி, ஒற்றை மாணவியோடுதான் தொடங்கியது என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. இந்த ராதா பிற்காலத்தில் ராதா பர்னியர் என்ற பெயரோடு, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் எடுத்து 1951-இல் வெளிவந்த தி ரிவர் என்னும் திரைப்படத்தில் ஆடினார். 1980 முதல் 2013-இல் மறையும் வரை பிரம்மஞான சபையின் தலைவராகவும் விளங்கினார்.

ஒருத்தி பலராயினர். ஊருக்கு ஊர் சென்று ஆசிரியர்களைத் தேடிக் கொண்டு வந்து சேர்ப்பதில் ருக்மிணி தேவிக்கு இணை அவரே. மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் நாட்டியம் கற்பித்தனர். கௌரி அம்மாள் அபிநயம் கற்பித்தார். இசைக்கு டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் என ஜாம்பவான்கள் வந்தனர். இவர்களில் ஒருவரைத் தனி ஆசிரியராக அமர்த்திக் கொள்ள எந்தச் செல்வருக்குத்தான் இயலும்? அத்தனை பேரையும் ஒரே வளாகத்தில், ஓர் எளிய குடும்பத்துப் பிள்ளையும் அணுகும்படி வைத்ததுதான் பள்ளி என்ற அமைப்பின் பயன். தனிப்பாடத்தை உயர்வாகப் பேசும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தனி ஆசிரியரின் கண் முழுவதும் நம் பிள்ளை மீது இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஓர் ஆசிரியருக்குத் தெரியாதது பிள்ளைக்கும் தெரியாமலே போய்விடும்.

குழு வகுப்பின் தன்மையையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரிசையாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆசிரியை சொற்கட்டைச் சொல்லித் தட்டுக்கழியைத் தட்டுகிறார். நாற்பது இணைப் பாதங்கள் ஒன்றாகத் தரையில் விழுந்தால் ஒரே ஓசை கேட்க வேண்டும். ஒரு பாதம் பிந்தினாலும் காது காட்டிக் கொடுத்துவிடும். தாளம் என்பதைப் பிள்ளை புத்தியால் அறிவதற்கு முன்பே உடம்பால் அறிகிறது. தனக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளியைக் காக்கக் கற்கிறது. தோழி தவறு செய்து திருத்தப்படும்போது, அந்தத் திருத்தம் தனக்கும் உரியது என்று புரிந்து கொள்கிறது. தனிப்பாடத்தில் இவை கிடைப்பதில்லை.

ஆனால் தீமையும் உண்டு. பின்வரிசைப் பிள்ளை முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்தே ஆடும். பார்த்து ஆடுபவள் எப்போதும் அரை நொடி பிந்தியே ஆடுவாள். அவளுக்கு அடவு தெரியாது என்பது ஆண்டு விழா மேடையில் முன்வரிசைக்கு வரும்போதுதான் வெளிப்படும்! நல்ல ஆசிரியர்கள் இதற்கு மருந்து அறிவார்கள். வரிசைகளை மாற்றிக் கொண்டே இருப்பார்கள். நால்வர் நால்வராக முன்னே அழைத்து ஆடச் சொல்வார்கள். தம் மகள் சேர்ந்துள்ள வகுப்பில் இது நடக்கிறதா என்று பெற்றோர் ஒரு மாலை வந்து பார்த்தால் போதும். எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கையைக் காட்டிலும் இது முக்கியம் என்பது நம் கருத்து.

கலாக்ஷேத்ராவின் வகுப்புகளில் அரைமண்டிக்கும், கை கால்களின் நேர்க்கோட்டுக்கும், சுத்தமான அடவுக்கும் முதலிடம் தரப்பட்டது. அங்கே பயின்ற பிள்ளையை ஆடத் தொடங்கிய சில நொடிகளிலேயே கண்டுகொள்ளலாம் என்பர். இதையே குறையாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லாரும் ஓர் அச்சில் வார்த்தாற்போல ஆடுகிறார்கள், அவரவர் முகம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். இந்தக் குறையை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது.

எதிர்க்கரையில் நின்றவர் டி. பாலசரஸ்வதி. 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேர்த்தி. குழந்தைப் பருவத்திலேயே கந்தப்ப பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, 1925-இல், நமக்கு அண்மையில் உள்ள காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். அபிநயத்தை அவரும் கௌரி அம்மாளிடமே பயின்றார் என்பது வியப்பான ஒற்றுமை. ஒரே ஆசிரியை, இரு மாணவிகள், இரு வழிகள்! சிருங்காரப் பதங்களை மேடைக்கு ஆகாதவை என்று ருக்மிணி தேவி விலக்கியதைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. கலை தூய்மையாகவே இருந்தது, அதைத் தூய்மைப்படுத்த யாரும் தேவையில்லை என்பது அவர் நிலை. அடவின் ஒழுங்கைக் காட்டிலும் பாட்டில் கரைந்து, அந்த நொடியில் தோன்றுவதை ஆடுவதே அவருடைய மேன்மை. அத்தகைய மனோதர்மத்தை நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க எவராலும் முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பறைக் கதவு எல்லாக் குடும்பத்துப் பெண்களுக்கும் திறந்தது நன்மையே. அதே கதவு, தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த பெண்களுக்கு வாழ்வளித்ததா? 1947-ஆம் ஆண்டில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது; தேவையான சட்டம்தான். ஆயினும் ஆடிப் பிழைத்த பெண்கள் பலர் மேடையையும் இழந்தனர். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்பித்த கௌரி அம்மாளே முதுமையில் வறுமையில் வாடினார், 1971-இல் காலமானார். நம் பிள்ளைகள் சலங்கை கட்டும்போது, அவர் பெயரையும் ஒருமுறை நினைப்பது நன்று.

பள்ளியின் கதைக்குத் திரும்புவோம். 1940-களின் தொடக்கத்தில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவை விட்டு விலகினார். தனி ஆசிரியரை நம்பிய பயிற்சியாக இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ருக்மிணி தேவி தளரவில்லை. தாமும் தம்மிடம் வளர்ந்த மாணவியரும் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றனர். நட்டுவாங்கம் நட்டுவனார் குடும்பத்து ஆண்களுக்கே உரியது என்ற வழக்கம் அங்கே உடைந்தது. பெண்கள் தாளம் பிடித்து அமர்ந்தனர். சாரதா ஹாஃப்மன் போன்ற மாணவியர் ஆசிரியைகளாகிப் பல தலைமுறைகளை உருவாக்கினர்.

1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அவர் அமைத்தார். 1955 முதல் 1970 வரை வால்மீகி ராமாயணத்தை ஆறு பகுதிகளாக மேடையேற்றினார். இருபதுக்கும் மேற்பட்ட நாட்டிய நாடகங்கள்! தோழியர் கூட்டமும் படை வீரர் வரிசையும் இல்லாமல் இவை நடவா. வகுப்பில் ஒன்றாகக் காலெடுத்து வைத்துப் பழகியவர்களே மேடையில் ஒரே அலையாக நகர முடியும். குழுக் கல்வியின் கனி இந்த நாடகங்களில்தான் பழுத்தது. எனினும் சீதையாகவோ இராமனாகவோ நிற்பவர் தனியே நிற்க வேண்டும் அல்லவா? எந்தப் பிள்ளையிடம் எந்தப் பாத்திரம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண், ருக்மிணி தேவிக்கு இருந்தது. 1953-இல் கதகளி ஆசான் சந்து பணிக்கர் கேரளத்திலிருந்து அழைத்து வந்த சிறுவர் இருவரே, பின்னாளில் புகழ் பெற்ற வி.பி. தனஞ்செயனும் பாலகோபாலனும். ஆண் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆடக் கற்றனர்.

எல்லாருக்கும் அந்த வழி போதுமானதாக இருக்கவில்லை. யாமினி கிருஷ்ணமூர்த்தி சிறுமியாகக் கலாக்ஷேத்ராவில் பயின்றார். பின்னர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடமும் தஞ்சாவூர் கிட்டப்பாவிடமும் சென்று கற்றார். 2024-இல் மறையும் வரை அவர் பெயர் நிலைத்து நின்றது. அடித்தளம் வகுப்பில், மேல்மாடி ஆசிரியரின் அருகில் என்ற அவருடைய வழியே நமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. முதல் நான்கைந்து ஆண்டுகள் தோழியரோடு வரிசையில் நிற்கட்டும். அடவுகள் முடிந்து, வர்ணமும் பதமும் வரும் காலத்தில், பிள்ளைக்கு உண்மையான ஆசை இருந்தால், வாரத்தில் ஒரு நாள் தனியே கற்கட்டும். முதல் மாதமே பணத்தைக் கொட்டித் தனி ஆசிரியரை அமர்த்த வேண்டிய அவசியம் எந்தத் தாய்க்கும் இல்லை.

தோல் ஊரில் இருந்து கொண்டு ருக்மிணி தேவியைப் பற்றி எழுதும்போது மற்றொரு பக்கத்தை விட்டுவிட இயலாது. விலங்குகளிடம் அவர் கொண்ட பரிவு நாட்டியத்தின் மீது கொண்ட அன்புக்குச் சற்றும் குறைந்தது அன்று. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956-இல் மீண்டும் நியமனம் பெற்றார். விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசே சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சங்கடமான செய்தியாக இருக்கலாம். நம்மில் பலருடைய பள்ளிக் கட்டணமும் சோறும் தோல் பதனிடும் கூடங்களிலிருந்தும் காலணித் தொழிற்சாலைகளிலிருந்தும் வருபவை. ஆனால் நாட்டிய மேடையை உற்றுப் பாருங்கள். சலங்கையின் வெண்கல மணிகள் பெரும்பாலும் தோல் பட்டையில்தான் கோக்கப்படுகின்றன. மிருதங்கத்தின் இரு முகங்களும் தோல். அவற்றை இழுத்துக் கட்டும் வாரும் தோல். ஆடும் காலும் தாளம் தரும் கையும் தோல் தொழிலாளியின் உழைப்பைத் தொட்டுக் கொண்டே இருக்கின்றன. மிருதங்கம் செய்வோரின் பெயரைக் கச்சேரி அழைப்பிதழில் யாரும் அச்சிடுவதில்லை. இந்த முரணுக்கு எளிய விடை நம்மிடம் இல்லை.

பரிசுகளும் பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. 1956-இல் பத்ம பூஷண், 1957-இல் சங்கீத நாடக அகாதமி விருது. 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பினார். அவர் அதை ஏற்கவில்லை. ராஷ்டிரபதி பவனத்தைக் காட்டிலும் திருவான்மியூர் மணல் அவருக்குப் பெரிதாக இருந்தது போலும்!

கணவர் அருண்டேல் 1945-இல் காலமான பின், பிரம்மஞான சபையின் வளாகத்திலிருந்து பள்ளி மெல்ல வெளியேற வேண்டியதாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தில் அது நிலைபெற்றது. வெறும் மணல்வெளியாகக் கிடந்த இடத்தில் மரங்கள் நட்டார்கள். நாட்டியத்தோடு நெசவுக் கூடமும் நடந்தது. மேடைக்கும் உடைக்கும் வேண்டிய சேலைகளின் கரைகளும் நிறங்களும் அங்கேயே உருவாயின.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், ருக்மிணி தேவி சென்னையில் மறைந்தார். 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இன்றும் அங்கே காலையில் ஆலமரத்தடியில் மாணவர் அனைவரும் கூடிப் பிரார்த்தனை செய்த பின்னரே வகுப்புகள் தொடங்குகின்றன. நான்கு ஆண்டுகள் பட்டயப் படிப்பு. அதற்கு மேலும் கற்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் மேற்பட்டயப் படிப்பு.